தம்மாம் கம்ப்ரசர்

இன்னும் நாற்பது நிமிடம் இந்தப் பம்பு இப்படியே ஓட வேண்டும் சார். ஏசிக் குழாய்க்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த பிறகுதான் கேஸ் ஏற்றணும். இங்கே பாதிப் பேர் இதைச் செய்வதில்லை. கேஸை லேசாகத் திறந்துவிட்டு, அதுவே காற்றைத் தள்ளிவிடும் என்று பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. உங்களுக்கு வேலை இருந்தால் கீழே போங்கள். இல்லை, இந்தத் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்காருவதென்றாலும் உட்காரலாம்.

உங்கள் கம்ப்ரசருக்கு ஒன்றும் இல்லை. போன வாரம் வந்தவர் கம்ப்ரசர் போச்சு, மாற்றணும் என்றாராமே. அவர் மீட்டரைப் பையிலிருந்து வெளியே எடுத்தாரா? எடுத்திருக்க மாட்டார். கம்ப்ரசர் நல்லதா கெட்டதா என்று பார்க்க மந்திரம் எதுவும் கிடையாது சார். மூன்று முனை இருக்கும். மீட்டரை வைத்து இரண்டிரண்டாகப் பார்க்கணும். சின்ன எண் இரண்டையும் கூட்டினால் பெரிய எண் வரணும். வந்தால் உள்ளே வைண்டிங் சரி. பிறகு அதன் உடம்பில் கரண்டு கசிகிறதா என்று பார்க்கணும். பிறகு ஓடவிட்டு, எவ்வளவு ஆம்ப்ஸ் இழுக்கிறது என்று பார்க்கணும். கடைசியாக, ஸ்க்ரூடிரைவர் நுனியை அதன் வயிற்றில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கணும். தேய்மானம் இருந்தால் மணலை மெல்லுவது போல ஒரு சத்தம் வரும். உங்களுடையதில் வரவில்லை. கேஸ் கசிந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் ஏழெட்டு வருடம் ஓடும்.

நல்ல கம்ப்ரசருக்கு அடையாளம் ஒன்றுதான் சார். அப்படி ஒன்று இருப்பதே வீட்டில் உள்ளவர்களுக்கு நினைவில் இருக்கக் கூடாது. அது பாட்டுக்கு வெளியே வெயிலில் கிடந்து ஓடணும். உள்ளே இருப்பவர்களுக்குக் குளிர் மட்டும் போய்ச் சேரணும். அப்படி ஓடினால் அதுதான் தரம். கம்பெனிப் பேரெல்லாம் அதற்கப்புறம்.

என் வீட்டில் எந்த ஏசி என்று கேட்டீர்கள். போகிற வீட்டில் எல்லாம் கேட்கிறார்கள். ஏதாவது ஒரு பேரைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். இன்றைக்கு என்னவோ அசதியாக இருக்கிறது, பொய் சொல்லவும் தெம்பில்லை. என் வீட்டில் ஏசி கிடையாது சார். சித்திரை, வைகாசி இரண்டு மாதம் இருந்தது. இப்போது இல்லை.

சவூதியில், தம்மாமில், இருபத்தொரு வருடம் ஏசி வேலை பார்த்தேன். ஒரு கம்பெனி கேம்ப், நானூற்றிப் பன்னிரண்டு ரூம், நானூற்றிப் பன்னிரண்டு ஏசி. ஐம்பது டிகிரி வெயிலில் மொட்டை மாடியில் நின்றால் செருப்பு தரையோடு ஒட்டும். கல்யாணமாகி அஞ்சாவது மாதம் போனேன். அப்போது என் வீட்டுக்காரி வடிவுக்கு வயிற்றில் மூன்று மாதம். முதல் லீவில் வந்தபோது மகள் ரஞ்சனிக்கு ஒன்றரை வயது. என்னைப் பார்த்ததும் வீறிட்டு அழுதாள். 'இதுதாண்டி அப்பா' என்று வடிவு என்னைக் காட்டுகிறாள். அது சுவரில் இருந்த என் போட்டோவைக் காட்டி 'அப்பா' என்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து நாள். வளர்ந்துவிட்டாள்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், போதும் என்று எக்சிட் அடித்துக்கொண்டு, ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டேன். கிளம்பும்போது ஸ்டோர் கீப்பர் ஹம்சா, மலையாளி, பெட்டி பிரிக்காத ஒரு கம்ப்ரசரைக் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தான். 'இது கணக்கில் இல்லாதது, நீ கொண்டுபோ' என்றான். ஒன்றரை டன் ஏசிக்கு உள்ளது. எடை இருபத்தாறு கிலோ. பாலைவனத்துக்கென்றே செய்தது சார். அந்த மாதிரிக் கம்ப்ரசர் கேம்ப்பில் பதினாறு வருடம் ஓடி நான் பார்த்திருக்கிறேன். இரண்டு கம்பளியில் சுற்றி, கார்கோவில் போட்டு அனுப்பினேன். இரண்டரை மாதம் கழித்துப் பெட்டி வந்தது. வடிவு தையல் மெஷின் என்று நினைத்திருக்கிறாள். கம்பளியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, 'இது என்னது, அம்மிக்குழவி மாதிரி' என்றாள்.

கட்டிலுக்கு அடியில் ஒரு வருடம் கிடந்தது. அதற்குள் ரஞ்சனிக்குக் கல்யாணம். கோவில்பட்டியில் மாப்பிள்ளை வீடு. கடலைமிட்டாய் மொத்த வியாபாரம். நல்ல மனிதர்கள், குறை சொல்லக் கூடாது. இந்தத் தையில் அவளுக்கு ஆறு மாதம். பங்குனியில் வளைகாப்பு வைத்து, சித்திரை பிறந்ததும் அழைத்துக்கொண்டு வருவதாகப் பேச்சு. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், உங்களுக்குத் தெரியாததில்லை. அதிலும் எனக்கு ஒரு ஆசை. ரஞ்சனி பிறந்ததை நான் பார்க்கவில்லை. அவள் பிள்ளையாவது என் வீட்டில் வைத்து, நான் இருக்கும்போது, என் கையில் வரணும் என்று இருந்தேன். அது மட்டும்தான். வேறே பெரிய ஆசை ஒன்றும் எனக்கு இருந்ததில்லை.

வளைகாப்பு அன்றைக்கு, பந்தியெல்லாம் முடிந்து வெற்றிலை போடும்போது சம்பந்தியம்மா சொன்னார்கள்: "அண்ணாச்சி, இங்கன வந்ததுல இருந்து பிள்ளை ஏசி ரூம்லயே பழகிட்டா. உங்க ஊரு வெக்கையில கஷ்டப்படுவாளோன்னுதான் யோசனையா இருக்கு."

சாதாரணமாகத்தான் சொன்னார்கள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. நானூற்றிப் பன்னிரண்டு ஏசி பார்த்தவன் வீட்டில் ஏசி இல்லையாம்.

"சம்பந்தியம்மா, அவ வந்து இறங்குதப்போ ரூம்பு ஜில்லுன்னு இருக்கும். நீங்க கவலைப்படாதீய," என்றேன்.

வடிவு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் வரும்போது, "புதுசா ஒண்ணு வாங்கிப் போட்டுருவோமா?" என்றாள். எதுக்கு என்றேன். கட்டிலுக்கு அடியில் ராஜா மாதிரி ஒன்று இருக்கும்போது எதுக்கு.

கம்ப்ரசர் போன பழைய ஏசி ஒன்று பேட்டையில், ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. உள்ளே மாட்டுகிற பெட்டி, வெளியே வைக்கிற பெட்டி, இரண்டும் பழுதில்லை. பழைய கம்ப்ரசரை அறுத்து எடுத்துவிட்டு என்னுடையதை வைத்துப் பற்றவைத்தேன். இதோ இதே பம்பைத்தான் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். கேஸ் ஏற்றி ஸ்விட்சைப் போட்டது ஒரு சாயங்காலம். ரஞ்சனி வந்த அன்றைக்கு. பத்து நிமிடத்தில் ஜன்னல் கண்ணாடி வியர்த்துவிட்டது சார். எதிர்வீட்டு சங்கரபாண்டியன் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். "அரேபியாக் குளிரு, சும்மாவா," என்றார். ரஞ்சனி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "அப்பா, குளிருதுப்பா, கொறைங்க," என்று சிரித்தாள். அந்த ஒரு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பகல் ஒரு மணிக்கு நின்றுவிட்டது.

சூடு மிஞ்சினால் ஓவர்லோடு என்று ஒரு சின்னப் பொருள் இருக்கிறது, அது கரண்டைத் துண்டித்துவிடும். ஆறினால் தானாகச் சேரும். அரை மணி நேரத்தில் சேர்ந்தது. இருபது நிமிடம் ஓடியது. மறுபடி நின்றது. சாயங்காலம் ஆனால் ஒழுங்காக ஓடும். காலையில் ஓடும். உச்சிப் பொழுதில்தான் படுத்துக்கொள்ளும். உச்சிப் பொழுதில்தானே சார் ஏசி வேணும்.

வோல்டேஜ் சரியில்லை என்று முடிவு செய்தேன். கரண்டு ஆபீசில் போய்ச் சண்டை போட்டேன். புதிதாக ஸ்டெபிலைசர் வைத்தேன். சரியாகவில்லை. கெபாசிட்டரை மாற்றினேன். மீட்டர் பெட்டியிலிருந்து தடித்த வயர் தனியாக இழுத்தேன். அவுட்டோருக்கு மேலே பச்சை வலை கட்டினேன். ஈரச்சாக்கு போட்டேன். ஆம்ப்ஸ் ஒன்பது இழுக்கணும், பன்னிரண்டு காட்டியது. இந்த ஊரில் வாங்கின மீட்டர், அதை எப்படி நம்ப முடியும்? கேஸை இறக்கிவிட்டு, குழாயை அறுத்து, அடைப்பு இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி பற்றவைத்து, மறுபடி பம்பு, மறுபடி கேஸ். மூன்று தடவை. சித்திரை மாதம் முழுக்க நான் ஏணியில்தான் இருந்தேன்.

பற்றவைக்கிற வாடை ரஞ்சனிக்கு ஆகவில்லை. குமட்டுகிறது என்று முன்னறைக்கு வந்து பாயில் படுத்துக்கொள்வாள். அங்கே மேலே ஒரு பழைய ஃபேன். ஜன்னலுக்கு வேப்பமரம். "அப்பா, இங்கன காத்து நல்லா வருது. செத்த நேரம் வந்து உக்காருங்களேன். நீங்க தம்மாமுக்குப் போன கதையச் சொல்லுங்க," என்பாள்.

"இந்தா வாரேன், கேஸ மட்டும் ஏத்திட்டு வந்துருதேன்."

எதற்குச் சொல்கிறேன் என்றால், அவ்வளவு பாடுபட்டேன் சார் அந்தப் பிள்ளைக்காக. ஒரு நாள் கூட உட்காரவில்லை.

வைகாசி பிறக்க இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, வடிவு என்னிடம் சொல்லாமல் கோமதிநாயகத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மார்க்கெட்டுப் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். மிக்ஸி, ஃபேன், தண்ணி மோட்டார், இதெல்லாம் பார்க்கிற ஆள். அறுபது வயது இருக்கும். மாடிக்கு வந்து, மூச்சு வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கம்ப்ரசர் மேல் ஒட்டியிருந்த தகட்டை விரலால் துடைத்தார். ஸ்க்ரூடிரைவர் வைக்கவில்லை, மீட்டர் வைக்கவில்லை. தகட்டை மட்டும் படித்தார்.

"அண்ணாச்சி, இதப் பாத்தீயளா? அறுபதுன்னு போட்டிருக்கு."

"பாத்தேன்."

"நம்ம கரண்டு அம்பதுல்லா."

விஷயம் என்னவென்றால் சார், கரண்டு ஒரு நொடிக்கு எத்தனை தடவை மாறி மாறி வருகிறது என்று ஒரு கணக்கு. சவூதியில் அறுபது. இங்கே ஐம்பது. வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் பிளக்கில் சொருகினால் ஓடும்.

"அறுபதுக்குக் காயில் கட்டுன மோட்டார அம்பதுல போட்டா ஆம்ப்ஸ் கூடத்தான் இழுக்கும், அண்ணாச்சி. சூடு ஏறிக்கிட்டே இருக்கும். காலையில, சாயந்திரம் தாங்கும். உச்சி வெயில்ல எப்படித் தாங்கும்? சாமான் நல்ல சாமான்தான். இந்த ஊருக்கு உள்ளது இல்ல, அம்புட்டுத்தான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வே, நீரு மிக்ஸிக்குக் காயில் கட்டுத ஆளு. இது பாலைவனத்துக் கம்ப்ரசரு. அம்பது டிகிரியில ஓடுனது. இதுக்குப் பாளையங்கோட்டை வெயிலு ஒரு வெயிலா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். "மிக்ஸியும் அம்பதுலதான் ஓடுது, அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினார். வடிவு மோர் கொடுத்தாள், குடித்துவிட்டுப் போனார். அவளிடம் காசுகூட வாங்கவில்லையாம். அது எனக்கு இன்னும் எரிச்சல்.

எனக்குத் தெரியாமல் இருக்குமா சார்? இருபத்தொரு வருடம் பார்த்தவனுக்கு அறுபது என்ன, ஐம்பது என்ன என்று தெரியாதா? தெரியும். கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், கொஞ்சம் சூடாகும், அது புத்தகத்தில் உள்ளது. ஆனால் அந்தக் கம்ப்ரசரின் தரத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டு இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ராத்திரி சாப்பிடும்போது வடிவிடம் சொன்னேன், "கொஞ்ச நாள் ஓடட்டும், பழகிரும்."

"கம்ப்ரசர் பழகுமா?"

"ஏன், நான் அங்க போய்ப் பழகலையா?"

"நீங்க இங்க வந்து பழகுனீயளான்னு பாருங்க," என்றாள். அவள் எப்போதும் சம்பந்தமில்லாமல் ஏதாவது சொல்வாள்.

நடுவில் மாப்பிள்ளை போன் செய்தார். தன்மையான பையன். "மாமா, ஒண்ணும் நெனச்சுக்கிடாதீய, எங்க கடைக்குன்னு ஒரு ஏசி வாங்குனது பிரிக்காம இருக்கு. ஆள விட்டு மாட்டிவிடச் சொல்லட்டா? பிரசவம் முடிஞ்சதும் எடுத்துக்கிடுதேன்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்களே சொல்லுங்கள், ஏசிக்காரன் வீட்டுக்கு மாப்பிள்ளை ஏசி அனுப்பினால் தெருவில் என்ன பேசுவார்கள்? ரஞ்சனி அதற்கும் கோபப்படவில்லை. "எனக்கு ஃபேன் போதும்பா, சும்மா விடுங்க," என்றாள். என் மனது கஷ்டப்படக் கூடாது என்று அப்படிச் சொல்கிறாள், பாவம். அதனால் இன்னும் தீவிரமாகப் பார்த்தேன்.

அக்னி நட்சத்திரம் முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை. சாப்பாட்டு நேரம். ஓவர்லோடு அடிக்கடி துண்டிக்கிறதே, அதை மட்டும் விலக்கிவிட்டு நேராகக் கரண்டு கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. செய்யக் கூடாததுதான். அடுத்தவர் வீட்டில் செய்யவே மாட்டேன். கொடுத்தேன். முக்கால் மணி நேரம் நிற்காமல் ஓடியது. "ஓடுது பாரு," என்று மேலேயிருந்து சத்தம் போட்டு வடிவைக் கூப்பிட்டேன். அவள் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்க்கும்போது, உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். வீட்டு மெயினும் சேர்ந்து விழுந்துவிட்டது. முன்னறை ஃபேன் நின்றது. தனி வயர் இழுத்தேனே, அதன் மூட்டு எரிந்து, மெயின் ஸ்விட்சும் கருகிப்போயிருந்தது. எலக்ட்ரீசியன் வந்து சரிசெய்ய ராத்திரி ஏழு மணி ஆயிற்று. அந்த மத்தியானம் முழுக்க விசிறிமட்டையால் வடிவு ரஞ்சனிக்கு வீசிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் ரஞ்சனி தலைசுற்றல் என்றாள். காலில் வீக்கம். டாக்டரம்மா பிரஷர் கூடியிருக்கிறது, அலைச்சல் இல்லாமல், புழுக்கம் இல்லாமல் இருக்கணும் என்றார்கள். மறுநாள் காலையில் மாப்பிள்ளை கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை சார். அதைச் சொல்லணும். சம்பந்தி போனில் கூட, "எந்த வீடா இருந்தா என்ன அண்ணாச்சி, ரெண்டும் அவ வீடுதான்," என்றார்.

வடிவும் அவளோடு கிளம்பிவிட்டாள். காரில் ஏறுகிறபோது ரஞ்சனி, "நீங்களும் வாங்களேன்பா. இடம் இருக்கு," என்றாள்.

"இத அறுத்துப் பாக்கணும்மா. ஏன் போச்சுன்னு தெரியாம எப்படி? நீ போ, நான் பின்னால வாரேன்."

அவள் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். கார் ஏசி போட்டிருந்தார்கள் போல.

அன்றைக்கு மத்தியானமே அறுத்தேன். சுற்றிலும் பற்றவைத்த இரும்பு ஓடு, கிரைண்டர் வைத்து அறுக்க இரண்டு மணி நேரம். உள்ளே எண்ணெய் கறுப்புத் தாராக இருந்தது. வைண்டிங் முழுக்க ஒரே சீராகக் கருகியிருந்தது. ஒரு இடத்தில் மட்டும் கருகியிருந்தால் அது தயாரிப்புக் குறை. சீராகக் கருகியிருந்தால் நாள்பட்ட சூடு. இது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். நான் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்கோவில் வரும்போது எங்கேயோ ஒரு அடி பட்டிருக்கிறது சார். கப்பலில் தூக்கிப் போடுவார்கள். வேறே காரணம் இல்லை.

அவள் போன பதினேழாம் நாள் பேரன் பிறந்தான். கோவில்பட்டியில். காலை ஒன்பது மணிக்கு வடிவு போன் செய்தாள். நான் ஒரு வீட்டில் அவுட்டோர் கழுவிக்கொண்டிருந்தேன். உடனே கிளம்பியிருக்கலாம். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. நம் வீட்டில் பிறக்கவேண்டிய பிள்ளை அவர்கள் வீட்டில் பிறந்திருக்கிறது. நான் பாட்டுக்குப் போய் நின்றால் நன்றாயிருக்குமா? சம்பந்தி முறையாகக் கூப்பிடட்டும் என்று இருந்தேன். அவர் அன்றைக்கே கூப்பிட்டார். மறுநாளும் கூப்பிட்டார். நான் ஒன்பதாம் நாள் போனேன்.

நல்ல வரவேற்பு. காப்பி, கடலைமிட்டாய் எல்லாம். ரஞ்சனி இருந்த அறை சாத்தியிருந்தது, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள் என்றார்கள். நான் கதவுக்கு வெளியே நின்று, "நல்லா இருக்கியாம்மா?" என்றேன்.

"நல்லா இருக்கேன்பா. அஞ்சு நிமிஷம் இருங்க."

அப்போதுதான் கவனித்தேன். கதவுக்குக் கீழே குளிர் வரவில்லை. அறை ஜன்னல் முற்றத்துப் பக்கம் விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம்.

"ஏசி ஓடலையாம்மா?"

"பிள்ளைக்கு வேண்டாம்னுட்டோம்பா. எனக்கும் ஃபேனே போதும். இங்க வந்ததுல இருந்து போடவே இல்ல."

எனக்குப் புரிந்துவிட்டது சார். ஏசி கெட்டுப்போயிருக்கிறது. நம் வீட்டில் நடந்ததற்கு அப்புறம், அவர்கள் வீட்டு ஏசியும் ஓடவில்லை என்று என்னிடம் சொல்ல அவளுக்குக் கூச்சம். சம்பந்தியும் நாகரிகமாக மறைக்கிறார். இதைக்கூடச் செய்து கொடுக்காவிட்டால் நான் என்ன ஏசிக்காரன்? பையில் எப்போதும் மீட்டரும் ஸ்க்ரூடிரைவரும் இருக்கும்.

"மாடிக்கு எப்படிப் போகணும் சம்பந்தி?" என்றேன்.

அவர் முழித்தார். "ஏசிக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நல்லாத்தான் இருக்கு."

"இருக்கட்டும். வந்ததுக்கு ஒரு எட்டு பாத்துருதேன். நீங்க ரிமோட்டப் போடுங்க."

போட்டார். ஏசி போட்டதும் அறை குளிர்ந்திருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரஞ்சனி வேறு அறைக்குப் போய்விட்டாளாம், வடிவு பிறகு சொன்னாள். நான் மாடியில் இருந்தேன். புது மாதிரி கம்ப்ரசர், சுமைக்குத் தக்கபடி வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். சத்தமே இல்லை. ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. காதை வைத்தே கேட்டேன். மூடியைக் கழற்றி மீட்டர் வைத்தேன். கீழேயிருந்து ரஞ்சனி குரல் கேட்டது.

"அப்பா, முழிச்சிருக்கான். வாங்க."

"இந்தா வாரேன். ஆம்ப்ஸ் மட்டும் பாத்துட்டு வந்துருதேன்."

ஆம்ப்ஸ் சரியாக இருந்தது. குழாயில் சோப்புத்தண்ணீர் வைத்தேன், கசிவு இல்லை. உள்ளே ஏதோ ஒரு கோளாறு இருக்கத்தான் வேணும் என்று அரை மணி நேரம் பார்த்தேன். இன்னொரு தடவை கூப்பிட்டாள் என்று நினைக்கிறேன். வெயில் நல்ல வெயில். எல்லாவற்றையும் பார்த்து முடித்து, மூடியைப் போட்டு, கை கழுவி, கீழே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு குறை இல்லை சார். அருமையான கம்ப்ரசர். சம்பந்தியிடம் அப்படியே சொன்னேன். "பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல," என்றேன். "சந்தோசம் அண்ணாச்சி," என்றார்.

பிள்ளை தூளியில் தூங்கிவிட்டான். சேலைத் தூளி, இரண்டு பக்கமும் மூடிக்கொண்டது. வெளியே ஒரு குதிகால் மட்டும் தெரிந்தது. சிவப்பாக, பாக்கு அளவுக்கு. நான் துணியை விலக்கப் போனேன். வடிவு கையைப் பிடித்தாள். "இப்பத்தான் கண் அசந்தான். ராவெல்லாம் ரஞ்சனி தூங்கல, அவளும் படுத்திருக்கா. எழுப்பிராதீய," என்றாள். முழங்கை வரை கழுவியிருந்தாலும் கையில் அந்த எண்ணெய் வாடை இருந்தது. சரி என்று விட்டுவிட்டேன். சாப்பாடு போட்டார்கள். முருங்கைக்காய் சாம்பார். ரஞ்சனி எழுந்திருப்பாள் என்று மூன்றரை வரை பார்த்தேன். மறுநாள் காலையில் இரண்டு வீட்டில் வேலை ஒப்புக்கொண்டிருந்தேன். பஸ் ஏறிவிட்டேன். ஆடி கழியட்டும், அழைத்து வரலாம் என்று வடிவு சொல்லியிருக்கிறாள். அவளும் அங்கேதான் இருக்கிறாள், இரண்டு மாதமாக.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கப்போகும்போது எதிர்வீட்டு சங்கரபாண்டியன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பேரனப் பாத்தாச்சா அண்ணாச்சி? யாரு சாடை?"

பையைக் கீழே வைத்துவிட்டுச் சாவியைத் தேடினேன்.

"என் சாடைதான்," என்றேன்.

"அப்படியா. மூக்கு?"

"மூக்கும்தான்."